9 லட்சம் டாலருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்! உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது?

ஒரே ஒரு சர்க்யூட் போர்டு. பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, திரை இல்லை. 1976-இல் அதன் விலை 666 டாலர் 66 சென்ட். 2014-இல் ஏலத்தில் போன விலை 9 லட்சத்து 5 ஆயிரம் டாலர்! ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கம்ப்யூட்டர், ஆப்பிள்-1.

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன்.

ஆப்பிள்-1 மொத்தமே சுமார் 200தான் செய்தார்கள். அதைக் கோடீஸ்வரர்கள் வாங்கட்டும், எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் கமடோர் 64 பற்றியது. 1982-இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற சாமானியர் கம்ப்யூட்டர் அது.

அதற்குள் 'சிட்' என்று ஓர் ஒலிச் சிப் இருக்கிறது. வடிவமைத்தவர் பாப் யானஸ். ஒரே நேரத்தில் மூன்று குரல்கள், ஒலியின் சாயலை மாற்ற ஓர் அனலாக் ஃபில்டர், அவ்வளவுதான். ஆனால் அந்த ஃபில்டர் சிப்புக்குச் சிப் கொஞ்சம் மாறும். ஒரே பாட்டை இரண்டு கமடோரில் போட்டால் இரண்டு விதமாகக் கேட்கும்! எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் இதற்கு உயிரையே விடுவார்கள். தயாரிப்பு நின்று பல காலம் ஆயிற்று, விலை ஏறிவிட்டது. அப்புறம் என்ன, நன்றாக ஓடுகிற கமடோரையே திறந்து சிப்பை மட்டும் பிடுங்குகிறார்கள். மிச்சம் ஊமைப் பெட்டி.

நம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூணுக்கு நல்ல விலை. அது தாங்கி நின்ற வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதி? இடித்த வீட்டோடு போயிற்று. சிட் கதையும் அதேதான்.

விலை ஏறியதால்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பின என்பார்கள். சரி, பாதி உண்மை. தப்பியவை கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டால், சால்டரிங் பழக ஆசைப்படும் பாலிடெக்னிக் பையன் எதைத் தொட்டுப் பழகுவான்? சிட்டுக்குப் பதிலாகப் பொருத்த ஆர்ம்சிட் போன்ற மாற்றுச் சிப்புகள் வந்திருக்கின்றன. ஓட்டிப் பார்க்க அது போதும் என்பேன், அசலை விட்டுவைக்கலாம்.

செட்டிநாட்டு வீடுகளில் பூட்டிய அறைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் 386 சிப் வைத்த பழைய பிசி ஒன்று கிடக்கலாம். 1984-இல் அரசின் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கூட ஏதாவது பள்ளி ஸ்டோர் ரூமில் இருக்கலாம். கிடைத்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள பழைய பேப்பர் கெபாசிட்டர் குப்பென்று புகை விடும். 386 என்றால் திறந்து, மதர்போர்டில் பீப்பாய் மாதிரி நீலமாக ஒரு பேட்டரி இருக்கிறதா பாருங்கள். நிக்கல் காட்மியம். கசிந்தால் செம்புத் தடங்களையே அரித்துவிடும். அதை முதலில் வெட்டி எடுங்கள். விற்பதென்றால் முழுசாக விற்றுவிடுங்கள், பிரித்து மட்டும் விற்காதீர்கள். என்ன மாடல் என்று கீழே எழுதுங்கள், ஓட வைக்க என்னால் ஆனதைச் சொல்கிறேன்.