பொய்முடியும் மெய்ப்பாட்டும்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் மண்டபத்தில், இசை கேட்கும் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெரியவர்களே, சகோதரிகளே, பின்வரிசையில் கிற்றார் பெட்டியோடு இருக்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு சண்டை. இரண்டு கிழமைக்கு முந்தி இந்த மண்டபத்து விறாந்தையில் நடந்தது. லெட் செப்பெலின் என்ற ஆங்கில றொக் குழு 1973இல் நியூயோர்க்கில் வாசித்த படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஒரு தம்பி “இது மேடையில் நேரே எடுத்தது” என்கிறார். மற்றத் தம்பி “முழுக்கச் செட்டிங்” என்கிறார். குரல் ஏறியது. கடைசியில் இரண்டு பேரும் கதைக்காமல் ஆளுக்கொரு சைக்கிளில் போய்விட்டார்கள். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருடைய கையிலும் பாதி உண்மை இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்குச் சொல்கிறேன்.

1973 ஜூலை 27, 28, 29 என்று மூன்று இரவுகள் மடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் அந்தக் குழு வாசித்ததைப் படம் பிடித்தார்கள். பிறகு போட்டுப் பார்த்தால் இடையிடையே ஓட்டை. பாட்டு இருக்கிறது, அந்த இடத்துக்குப் பொருந்துகிற காட்சி இல்லை. அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்ரூடியோவில் அதே மாதிரி மேடை போட்டார்கள். நியூயோர்க் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நான்கு பேரும் அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடித்துக் கொடுத்தார்கள். பாஸ் கிற்றார் வாசிக்கும் ஜோன் போல் ஜோன்ஸ் அதற்குள் தலைமுடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார். ஆகவே பொய்முடி வைத்தார்கள். நியூயோர்க்கிலும் மூன்று இரவும் அவர் ஒரே உடுப்பில் வரவில்லை. அதனால் ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே அவருடைய சட்டை மாறிவிடும். படம் 1976இல் வெளிவந்தது.

இப்போது சொல்லுங்கள், அது நேரே எடுத்ததா, செட்டிங்கா? கேள்வியே பிழை. முழுப் படத்தையும் ஒரே தராசில் போட்டு நிறுக்க முடியாது. ஒலி எங்கே பிறந்தது, காட்சி எங்கே பிறந்தது, இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தவையா, பிறகு யார் யார் கை வைத்தார்கள் என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் அந்த இரண்டு தம்பிமாரும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தக் காட்சி நியூயோர்க், எந்தக் காட்சி ஷெப்பர்ட்டன் என்று பிரித்திருப்பார்கள். எவ்வளவு நல்ல பின்னேரமாகப் போயிருக்கும்!

தலைகீழான உதாரணமும் இருக்கிறது. பீட்டில்ஸ் 1965 ஓகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க்கின் ஷே ஸ்ரேடியத்தில் பாடினார்கள். ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேல் சனம். கத்துகிற சத்தத்தில் பாடுகிறவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அந்தக் காட்சி அசல், ஒருவரும் பொய்முடி வைக்கவில்லை. ஆனால் ஒலி தொலைக்காட்சியில் போடும் தரத்தில் இல்லை என்பதால், 1966 ஜனவரியில் இலண்டனில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போய்ச் சில பாட்டுகளைத் திரும்ப வாசித்துப் பதிந்தார்கள். ஒரு பாட்டுக்கு இசைத்தட்டில் இருந்ததையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். படம் மெய், பாட்டு ஒட்டு.

பிங்க் ஃபுளோயிட் குழு 1971 ஒக்டோபரில் இத்தாலியின் பொம்பெய் இடிபாடுகளுக்குள், ஒரு இரசிகரும் இல்லாத பழைய வட்டரங்கில் வாசித்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே உண்மையில் எடுத்தது மூன்று பாட்டுகள் மட்டும். மற்றவற்றை அதே வருடம் டிசம்பரில் பாரிஸ் ஸ்ரூடியோவில் எடுத்தார்கள். ஆனால் தலைப்பில் பொம்பெய் மட்டும்தான். ஒரு தலைப்பைப் பார்த்து முழுவதையும் நம்பிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு சின்ன விஷயம்: அங்கே கருவிகளுக்குப் போதிய மின்சாரம் இல்லாமல், ஊர் நகரசபைக் கட்டடத்திலிருந்து தெருத் தெருவாகக் கேபிள் இழுத்தார்களாம். திருவிழாவுக்கு வயர் இழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் குழு அப்புறம் சொந்தக்காரர் மாதிரித்தான்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைப்பதும் கையசைப்பதும் அங்கே வழமையாக இருந்தது. நிர்வானா குழு 1991இல் பிபிசியின் ‘டொப் ஒவ் த பொப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்தபோது, இசை ஒலிப்பதிவிலிருந்து ஓட, குரல் மட்டும்தான் நேரடி. கிற்றாரில் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். நான் இளவயதில் இங்கே ஒரு றெக்கோடிங் பாரில் வேலை செய்தவன். கசெற் பதிவது, வீடியோ கொப்பி எடுப்பதுதான் தொழில். அதனால் ‘போலி’ என்று தம்பிமார் காட்டுகிற பல அடையாளங்கள், கொப்பி எடுத்ததால் வந்த தழும்புகள் என்று எனக்குத் தெரிகிறது.

ஒரு தம்பி கிற்றாரோடு என்னிடம் வந்து, “அண்ணை, இந்தப் படத்தில் பாட்டு அரைக்கட்டை ஏறி நிற்கிறது, இசைத்தட்டோடு சேரவில்லை, ஆகவே பொய்” என்றார். அவருடைய காது மிகத் திறமான காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். சினிமாப் பிலிம் செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ செக்கனுக்கு 25. பிலிமில் எடுத்ததை அந்த முறைக்கு மாற்றும்போது வழமையாக அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். நான்கு வீதம் வேகம் கூடும். இரண்டு மணித்தியாலப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முந்தி முடிந்துவிடும். சுருதியும் கூடவே ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. அந்தத் தம்பியின் காதில் பட்டது அதுதான். வேகத்தை நான்கு வீதம் குறைத்து ஓடவிட்டேன். கிற்றாரோடு வந்து பொருந்தியது. அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

கனடாவிலிருந்து வந்த கலியாண வீடியோக்கள் இங்கே உள்ள டெக்கில் எப்படி ஓடின என்று வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிறம் போய், படம் மேலும் கீழும் உருளும். அங்கே முறை வேறு, செக்கனுக்கு ஏறக்குறைய 30 பிரேம். மகளின் கூறைச்சேலை என்ன நிறம் என்று தெரியாமல் தாய்மார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அந்தக் கலியாணம் பொய் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

இன்னொன்று, திரையின் அடிவிளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு நெளிகிற கோடு. வீஎச்எஸ் ரேப்பின், அதாவது அந்தக் காலத்து வீட்டு வீடியோக் கசெற்றின், அடையாளம் அது. 1973 படத்தில் அது இருந்தால், எப்போதோ யாரோ வீஎச்எஸ்ஸில் கொப்பி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது கைபேசியில் நேற்று எடுத்த படத்துக்கும் அந்த நெளிவை ஒரு தட்டில் ஒட்டிவிடலாம். ஆகவே பழசுபோல் தெரிவதையும் நம்ப முடியாது. நான் நம்புவது கைகளை. ட்ரம்ஸ் குச்சி தட்டில் படுகிற பிரேமில் சத்தம் கேட்கிறதா? கிற்றாரில் இடக்கை விரல்கள் பிடித்திருக்கிற இடமும் காதில் விழுகிற ஸ்வரமும் ஒன்றா? போல் மக்கார்ட்னியும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் இடக்கைக்காரர்கள். அவர்கள் வலக்கையால் வாசிப்பதைக் கண்டால் படத்தை யாரோ கண்ணாடிபோல் திருப்பிவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் படத்துக்குள்ளே தேடுவது. படத்துக்கு வெளியே ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டியில் எழுதிய பெயர்.

அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் 1966இல் மின்கிற்றாரோடு பாடிய ஒரு ஒலிப்பதிவு பல வருடங்கள் கள்ளக் கொப்பியாகச் சுற்றியது. பாட்டுகளுக்கு நடுவே இரசிகர் ஒருவர் “யூதாஸ்!”, அதாவது துரோகி, என்று கத்துவது அதில் கேட்கும். இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்து நிகழ்ச்சி என்று உறையில் எழுதியிருந்தது, எல்லோரும் நம்பினார்கள். அது நடந்தது மே 17ஆம் திகதி மன்செஸ்டரில். 1998இல் முறைப்படி வெளியிட்டபோதும் அந்தப் பிழைப்பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைக்க வேண்டியிருந்தது. உலகத்துக்கு அது அந்தப் பெயரில்தான் பழக்கம். ஒரு கை எழுதிய பிழை, முப்பது வருடம் நின்றது.

பாடகர் டேவிட் போவி 1973 ஜனவரி 3ஆம் திகதி, நான் முந்திச் சொன்ன ‘டொப் ஒவ் த பொப்ஸ்’ நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டை நேரடியாக வாசித்தார். மறுநாள் ஒளிபரப்பினார்கள். பிறகு அழித்துவிட்டார்கள். அந்தக் காலத்து இரண்டங்குல வீடியோ ரேப் விலை கூடினது, அழித்து அழித்துத் திரும்பப் பாவிப்பார்கள். பார்த்த ஞாபகம் பலருக்கு இருந்தது, காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வேலை செய்த ஒரு கமராக்காரர், தான் மீன்கண் வில்லையால் எடுத்த காட்சிகளுக்காக ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தார். 2011இல் அது வெளியே வந்தது, பிபிசியே திரும்ப ஒளிபரப்பியது. அதை ஒருவரும் போலி என்று சொல்லவில்லை. யார் எடுத்தார், யார் வைத்திருந்தார், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்ற கதை முழுதாக இருந்தது.

எங்களுக்கு இது நன்றாக விளங்க வேண்டும். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் ஊரை விட்டு, கையில் கொண்டுபோகக் கூடியதோடு வெளிக்கிட்ட சனம் நாங்கள். வீட்டு அலுமாரியில் விட்ட வீடியோக்களை யார் நினைத்தார்கள்? தப்பினவற்றில் பூஞ்சணம் பிடித்தது. மிச்சத்துக்கு மேல் நாங்களே படங்களைப் பதிந்தோம். பிபிசி செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிப் பிரபலமாக்கிய பொப் பாட்டுகளைக் கோயில் திருவிழா மேடைகளில் விடிய விடிய வாசித்த எங்கள் கோஷ்டிகளின் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

என்னிடம் ஒன்று இருக்கிறது. இந்த மேசையில் இருப்பது அதுதான். ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்கள், “கோயில் 2” என்று எழுதியிருக்கிறது. என்னுடைய கையெழுத்து. கடையில் கொப்பி எடுத்த அன்று எந்தக் கோயில், எந்த வருடம், எந்தக் கோஷ்டி என்று கொண்டுவந்தவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என்னை இன்றைக்கும் குத்துகிறது.

இதைக் கணினிக்கு மாற்றிய பிறகு ஒரு தம்பி, நல்ல எண்ணத்தில்தான், செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுவந்தார். முகங்கள் மெழுகு பூசினமாதிரி வந்தன. ஓர்கன் வாசிப்பவரின் வேட்டிக் கரை காணாமல் போனது. மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை இருக்கிறது. மங்கலான மூலப் படத்தில் அதில் “...ளையார்” என்ற கடைசி எழுத்துகள் தட்டுப்படும். தெளிவாக்கிய படத்தில் அந்த இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத கோடுகள். எங்களிடம் இருந்த ஒரே தடயத்தை அது அழித்துவிட்டுத் தன் பாட்டுக்கு வரைந்திருக்கிறது. தெளிவாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு வேறு கொப்பியில் செய்யுங்கள், அப்படிச் செய்ததென்று எழுதியும் வையுங்கள். பிள்ளையார் கோயில் இல்லாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் ஏது, அதனால் அந்த மூன்று எழுத்து மட்டும் போதாதுதான். என்றாலும் அது எங்களிடம் இருக்க வேண்டும்.

இந்தப் படத்தைப் பற்றியும் சந்தேகம் வந்தது. பாஸ் கேட்கிறது, பாஸ் வாசிப்பவரைக் காணவில்லை, பாட்டைப் பிறகு ஒட்டியிருக்கிறார்கள் என்றார் ஒருவர். நியாயமான சந்தேகம். இரண்டு இரவு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் தாண்டி ஓரிடத்தில் ஜெனரேற்றர் இழுபடுகிறது. மேடை விளக்குகள் மங்குகின்றன. அதே கணத்தில் பாட்டின் சத்தமும் தாழ்கிறது, பின்னால் ஜெனரேற்றரின் உறுமலும் இறங்குகிறது. கமரா பற்றரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை. நாலைந்து செக்கனில் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஏறுகின்றன. பாடுகிறவர் நிறுத்தவில்லை, ட்ரம்ஸ்காரர் தலையைத் திருப்பி ஜெனரேற்றர் இருக்கிற பக்கம் பார்க்கிறார். இந்தப் பாட்டும் இந்தக் காட்சியும் ஒரே இரவில், ஒரே இடத்தில் பிறந்தவை. பாஸ்காரர் கமராவில் படாத இடத்தில் நின்றிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தம்பி, அந்த லைற்றை அணையுங்கள். மூலப் படத்தைத்தான் போடுகிறேன், தெளிவாக்கியதை இல்லை. முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். ட்ரம்ஸ்காரர் தலையைத் திருப்புகிற இடத்தில் நிறுத்துவேன். யாருக்காவது அந்த முகம் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், நான் பேனையும் தாளும் எடுத்து வைத்திருக்கிறேன்.