ஆக்சிஜனுக்கும் மணிக்கணக்கு உண்டு

நேயர்களுக்கு வணக்கம். 2021-இல் கொரோனாவின் டெல்டா அலை மலேசியாவின் கெடா மாநிலத்தைத் தாக்கியபோது பெரிய மருத்துவமனைகளில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கோலக்கெட்டில் போன்ற தோட்டப்புற ஊரில் மூச்சுத் திணறுகிறவரை, சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் சேர்க்கும்வரை தாங்க வேண்டியது உள்ளூர் கிளினிக்கும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரும்தான். நுரையீரலைப் பிடிக்கும் எந்தத் தொற்று வந்தாலும் இதே நிலைமைதான்.

"நாலு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது" என்று சொன்னால் போதாது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் வைக்கும் 'இ' அளவு சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 680 லிட்டர். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால், முழுதும் தீரும்வரை ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். மோசமான நோயாளிக்குப் பை வைத்த முகமூடி போட்டு 10 லிட்டர் விட்டால், கடைசிக் கால்பங்கைக் கையிருப்பாக விட்டு, ஐம்பது நிமிடம்தான். அந்தப் பைக்கு 10 லிட்டருக்குக் குறைத்து மிச்சம் பிடிக்கவும் கூடாது. பை சுருங்கிவிடும், விட்ட மூச்சையே நோயாளி திரும்ப இழுப்பார். ஆக, நாலு சிலிண்டர் ஒருவருக்கு மூன்று மணி நேரம் சொச்சம். இரண்டு பேர் வந்துவிட்டால் அதில் பாதி.

பெரும்பாலும் காலை வாருவது சின்னச் சாமான்கள்: வால்வு திறக்கும் சாவி, ரெகுலேட்டருக்குள் இருக்கும் வாஷர். வாஷர் தேய்ந்தால் காற்று கசிந்து, காலையில் பார்க்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கும். சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். காலியானதற்கு உடனே அட்டை மாட்டுங்கள். இறுகிய வால்வுக்கு எண்ணெய், கிரீஸ் போடவே கூடாது. ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கான்சென்ட்ரேட்டர் நல்ல துணை. ஆனால் சாதாரண வகை நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும், மின்சாரம் போனால் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு சிலிண்டர் வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஏமாற்றும். பால்வெட்டுக்குப் போய் வந்த கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். கழுவி, கையைச் சூடேற்றி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் நிலைத்த பிறகு படியுங்கள். 94 அல்லது அதற்குக் கீழ் என்றால் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். 90-க்குக் கீழ் இறங்கினால் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் மக்களுக்கு இது முக்கியம். எண் 96 என்றாலும், பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள், எண்ணை அல்ல.

நோயைச் சீக்கிரம் பிடிக்கத் தோதான இடம், வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு. நாள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வருவார்கள்; தொற்றுக் காலத்தில் விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பர்மிட் இல்லாத அந்நியத் தொழிலாளியும் பயமின்றி கிளினிக் வர வழி வேண்டும், அவரும் அதே லயத்து வரிசை வீட்டில்தான் குடியிருக்கிறார். இரண்டு நாள் பெரட்டுக்கு வராதவர் வீட்டுக்கு, அன்றைக்கே டிரஸ்ஸர் ஆக்சிமீட்டரோடு போகட்டும்.