கேட் தேர்வின் பாரா ஜம்பிள்: கொக்கியைப் பிடித்தால் வரிசை வரும்

[திரையில்: எண்ணிட்ட நான்கு வாக்கியங்கள். கீழே ஒரு வெற்றுக் கட்டம்.]

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கேட் (CAT). அதன் ஆங்கிலப் பகுதியில் பலரும் பார்த்ததுமே தாண்டிப் போகிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு பத்தியின் நான்கு வாக்கியங்களைக் கலைத்துக் கொடுத்திருப்பார்கள். எது முதலில், எது அடுத்து என்று கண்டுபிடித்து, நான்கு எண்களையும் வரிசையாகக் கட்டத்தில் நீங்களே தட்ட வேண்டும். இதைத்தான் பாரா ஜம்பிள் என்கிறோம்.

முன்பெல்லாம் ஏ, பி, சி, டி என்று நான்கு விடைகள் கீழே இருக்கும். அவற்றில் பொருந்தாததைக் கழித்துக்கொண்டே போகலாம். 2015-ல் விடையைத் தட்டச்சு செய்யும் முறை வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. சரியாகப் போட்டால் 3 மதிப்பெண், தவறாகப் போட்டால் மைனஸ் கிடையாது. ஆனால் இரண்டு எண்கள் சரியான இடத்தில் இருக்கின்றன என்பதற்காகப் பாதி மதிப்பெண் தரமாட்டார்கள். நான்கும் சரியாக இருந்தால்தான் உண்டு.

நான்கு வாக்கியங்களை 24 விதமாக அடுக்கலாம். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 24-ல் ஒரு வாய்ப்பு.

"எனக்கு இங்கிலீஷ் வீக், இதெல்லாம் வராது" என்று சொல்கிறவர்களுக்காகவே இந்த வீடியோ. பாரா ஜம்பிளில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் புரிந்துதான் இருக்கிறது. ஒரு வாக்கியம் இன்னொன்றை எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்ப்பதில்லை. ரயில் பெட்டிகளுக்கு நடுவே கொக்கி இருக்கிறதே, அதுபோல வாக்கியங்களுக்கு நடுவிலும் கொக்கி இருக்கிறது. பழக வேண்டியது அதைத்தான். அதைப் பார்க்கத் தெரியாமல் நூறு கேள்வி போட்டாலும் நூறு ஊகம்தான் மிஞ்சும்.

சரி, ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தேர்வில் ஆங்கிலத்தில் வரும். கொக்கி கண்ணுக்குத் தெரியட்டும் என்று இங்கே தமிழில் தருகிறேன்.

[திரையில்:
1. அவர் சொன்னதைக் கேட்டு, உள்ளூர் நிர்வாகம் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது.
2. இந்த நம்பிக்கையை ஏற்காத ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார்.
3. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் அதற்குக் காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள்.
4. ஏறக்குறைய எல்லாச் சாவுகளும் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர் பம்புக்கு அருகிலேயே நிகழ்ந்திருந்தன.]

வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

[திரையில்: சில நொடிகள் அமைதி]

முதல் வாக்கியம் எது? ஒன்றில் "அவர்" வருகிறது. யார் அவர் என்று அதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் "இந்த நம்பிக்கை" என்று வருகிறது. எந்த நம்பிக்கை? அதுவும் முன்னால் வந்திருக்க வேண்டும். ஆக, இந்த இரண்டும் முதலில் வர முடியாது. நான்கில் "எல்லாச் சாவுகளும்" என்கிறார்கள். என்ன சாவு, எந்த ஊரில் என்று எதுவுமே சொல்லாமல் ஒரு பத்தி அப்படித் தொடங்காது. மூன்று மட்டும்தான் யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக நிற்கிறது. ஆண்டு, ஊர், நோய் எல்லாவற்றையும் அதுவே அறிமுகம் செய்துவிடுகிறது.

முதல் வாக்கியம் தெரிந்ததுமே 24 வழிகள் 6 ஆகிவிட்டன. அடுத்து, "இந்த நம்பிக்கை" என்பது மூன்றில் உள்ள "நம்பினார்கள்" என்பதைத்தான் பிடிக்க முடியும். எனவே மூன்றுக்கு அடுத்து இரண்டு. இப்போது மிச்சம் இரண்டே வழிதான்: 3-2-4-1 அல்லது 3-2-1-4.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். "அவர் சொன்னதைக் கேட்டு" என்பதைப் பார்த்ததும், ஸ்னோவின் பெயர் இரண்டில் இருக்கிறதே என்று ஒன்றை அதற்கு அடுத்து ஒட்டிவிடுகிறார்கள். "அந்தப் பம்ப்" என்ற சொல்லைப் பாருங்கள். எந்தப் பம்ப்? நான்கில்தான் "ஒரு தண்ணீர் பம்ப்" முதன்முதலாக வருகிறது. "ஒரு" வந்த பிறகுதான் "அந்த" வரும். விடை 3-2-4-1.

[திரையில்: "ஒரு பம்ப்" என்பதிலிருந்து "அந்தப் பம்ப்" என்பதற்கு அம்புக்குறி]

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்பவை "எ", "தி" என்ற இரண்டு குட்டிச் சொற்கள். நாம் வேகமாக வாசிக்கும்போது அவற்றைக் கண் தாண்டிவிடும். தமிழில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் இப்படி ஒரு சொல் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், அவற்றை வெறும் அலங்காரம் மாதிரி விட்டுவிடுகிறோம். பாரா ஜம்பிளில் அவை அலங்காரம் இல்லை. "எ வாட்டர் பம்ப்" ஓரிடத்திலும் "தி பம்ப்" இன்னோரிடத்திலும் இருந்தால், எது முன், எது பின் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நான் சொல்லித்தரும்போது முதல் வாரம் வேறு எதையும் தொடுவதில்லை. ஏதாவது ஓர் ஆங்கிலப் பத்தியை எடுத்து "எ", "தி", "திஸ்", "தீஸ்", "சச்", "ஹீ", "தெயர்" எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது என்று கோடு இழுக்கச் சொல்வேன். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதற்கு மாற்றாக எந்தக் குறுக்குவழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர்களும் இப்படித்தான். முதலில் "ஜான் ஸ்னோ" என்று முழுப்பெயர் வரும், அப்புறம் வெறும் "ஸ்னோ". அமைப்புகள் என்றால் முதலில் முழுப்பெயர், பிறகு சுருக்கம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். "இன் ஹிஸ் யூத், காந்தி" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், "ஹிஸ்" குறிக்கும் ஆள் அதே வாக்கியத்திலேயே இருக்கிறார். அது முதல் வாக்கியமாகவும் வரலாம். "அவர்" என்று இருந்தாலே முதல் வாக்கியம் ஆகாது என்று மனப்பாடம் செய்து வைத்தவர்கள் இங்கே தவறுவார்கள்.

இன்னொரு பொறி, ஆங்கில எழுத்தாளர்களின் பழக்கத்திலிருந்து வருவது. ஒரே சொல்லை அடுத்தடுத்துப் போட அவர்களுக்குப் பிடிக்காது. நம் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் "கெட்ட காற்று" என்று எழுதியவர் அடுத்த இடத்தில் "மியாஸ்மா" என்பார், அதற்கடுத்து "அந்தப் பழைய கொள்கை" என்பார். மூன்றும் ஒன்றுதான். ஒரே சொல் இரண்டு வாக்கியங்களில் இருந்தால் அவை பக்கத்துப் பக்கத்தில் வரும் என்று நம்பிப் போனால், மியாஸ்மாவைப் பார்த்ததும் திகைத்து நிற்போம். சொல்லை விடுங்கள், பொருளைத் துரத்துங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தகவலையும் வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்னோ என்றதும் அவருடைய புகழ்பெற்ற வரைபடம் பலருக்கு நினைவு வரும். இந்த நான்கு வாக்கியங்களில் வரைபடமே கிடையாது. தலைப்பு தெரிந்ததாக இருக்கும்போதுதான் நாமே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு வாக்கியங்களை அதற்குள் திணிக்கிறோம்.

[திரையில்: அதே நான்கு வாக்கியங்களோடு ஐந்தாவது ஒன்று சேர்கிறது.
5. பிரிட்டனில் காலரா முதன்முதலாக 1831-ல் சண்டர்லாந்து துறைமுகத்தில் தலைகாட்டியது.]

இதே பத்தி இப்போது வேறு கேள்வியாக மாறுகிறது. ஐந்து வாக்கியங்களில் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஆட் ஒன் அவுட் என்று பெயர். 1831 என்பது 1854-க்கு முந்தையது என்பதால், ஐந்தைத் தூக்கி முதலில் வைக்கத் தோன்றும். ஆண்டு வரிசை இங்கே உங்களை ஏமாற்றும். இப்படிச் சோதியுங்கள்: ஒவ்வொரு வாக்கியமாக வெளியே எடுங்கள், மற்றவை உடைகின்றனவா என்று பாருங்கள். மூன்றை எடுத்தால் "இந்த நம்பிக்கை" அந்தரத்தில் தொங்குகிறது. இரண்டை எடுத்தால் "அவர்" யாரென்று தெரியாது. நான்கை எடுத்தால் பம்ப் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒன்றை எடுத்தால் விசாரணைக்கு முடிவே இல்லை. ஐந்தை எடுத்தால் எதுவும் அசையவில்லை. அதே நோய், அதே நாடு, ஆனால் ஒரு கொக்கிகூட இல்லை.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது?

அண்மை ஆண்டுகளில் ஆங்கிலப் பகுதி முழுவதற்கும் 40 நிமிடம், 24 கேள்விகள். அதில் 16 நீண்ட பத்திகளை ஒட்டியவை. பாரா ஜம்பிள் போன்றவை மீதமுள்ள 8-ல்தான் வரும். அதனால் இதற்காகத் தினமும் மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். நாளைக்கு இரண்டு கேள்வி போதும், ஆனால் நிதானமாக. முதல் மாதம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்விகளைப் பொறுத்தவரை, கேட் தேர்வில் உண்மையாக வந்த பழைய கேள்விகளையே முதலில் முடியுங்கள். ஒரு நல்ல பத்தியைக் கலைப்பது சுலபம். அதற்கு ஒரே ஒரு வரிசைதான் பொருந்தும்படி அமைப்பது கடினம். அவசரமாகத் தயாரித்த மாதிரித் தேர்வுகளில் இரண்டு வரிசைகள் பொருந்துவதைப் பார்க்கலாம். அங்கே நீங்கள் சரியாக யோசித்தும் தவறு என்று வந்தால், சரியான பழக்கத்தைக் கைவிடத் தோன்றும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களில் சாரத்தை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், தப்பே இல்லை. "பழைய நம்பிக்கை", "ஸ்னோ விசாரணை", "பம்ப் பக்கம்", "கைப்பிடி" என்று. ஆங்கிலத் தேர்வுக்கு ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நிறையப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் நேரம் போகும், உண்மைதான். சாரத்தை மட்டும் நம் மொழியில் பிடித்துக்கொண்டால் தலை தெளிவாகிறது.

விடை எழுதும் முன் குறைந்தது இரண்டு கொக்கிகளை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுத முடியவில்லையா? விடையைக் காலியாக விடுங்கள். இது பயிற்சிக்கு மட்டும். தேர்வில் மைனஸ் இல்லாததால் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. ஆனால் வீட்டில் குருட்டாம்போக்கில் போட்டுச் சரியாக வந்துவிட்டால், உங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது போலக் கணக்கில் ஏறிவிடும்.

இதுவரை பார்த்தது கதை மாதிரி ஓடும் பத்தி. தேர்வில் பெரும்பாலும் வாதம் செய்யும் பத்திகள் வரும். அப்படி ஒன்று:

[திரையில்:
1. இந்த விட்டுக்கொடுப்பால், ஆப்பிரிக்காவில் சுமார் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, படத்தில் ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது.
2. வரைபடம் உலகை உள்ளபடியே காட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.
3. எடுத்துக்காட்டாக, 1569-ல் மெர்கேட்டர் வெளியிட்ட படம் மாலுமிகளுக்குத் தேவையான திசையைக் காப்பாற்றிக்கொண்டு, பரப்பளவை விட்டுக்கொடுத்தது.
4. ஆனால் உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும்போது வடிவம், பரப்பளவு, தூரம் எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது.]

நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

[திரையில்: சில நொடிகள் அமைதி]

"இந்த விட்டுக்கொடுப்பு" மூன்றைப் பிடிக்கிறது, எனவே 3-1 ஒரு ஜோடி. "ஆனால்" என்று தொடங்கும் நான்கு, இரண்டில் உள்ள நினைப்பை மறுக்கிறது, எனவே 2-4 ஒரு ஜோடி. இப்போது எந்த ஜோடி முதலில்? 3-1-2-4 என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சுவையான உதாரணத்தில் தொடங்கிப் பொதுக் கருத்துக்குப் போகிற பத்தி மாதிரி, காதுக்கு நன்றாகவே இருக்கும். அப்படி எழுதுகிறவர்களும் உண்டு. இங்கே அதைத் தடுப்பது ஒரே ஒரு சொல், மூன்றின் தொடக்கத்தில் உள்ள "எடுத்துக்காட்டாக". எதற்கு எடுத்துக்காட்டு என்பது முன்னால் இருந்தே ஆக வேண்டும், அது நான்கில் இருக்கிறது. விடை 2-4-3-1. 3-1-2-4 என்று போட்டிருந்தால், நோட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி, அதிலிருந்து நான்குக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.