விலையை எப்போது எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் அரசு போர் விமானம் ஒன்றை வாங்க முடிவு செய்கிறது. அது எங்கேயும் தயாராக இல்லை, இனிமேல்தான் வடிவமைத்துக் கட்ட வேண்டும். இதற்கு எந்த மாதிரி ஒப்பந்தம் போடுவது? அமெரிக்காவின் அனுபவத்தை வைத்து இதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெரிதாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிலையான விலை. செலவு எவ்வளவு ஆனாலும் பேசிய தொகைக்குள் நிறுவனம் பொருளைத் தர வேண்டும். மற்றது, நியாயமாக ஆன செலவை அரசு கணக்குப் பார்த்துக் கொடுத்து, மேலே ஒரு லாபத்தொகையும் தருவது. இதை 'காஸ்ட் பிளஸ்' என்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த லாபத்தைச் செலவில் இத்தனை சதவீதம் என்று வைத்தார்கள். செலவு ஏற ஏற லாபமும் ஏறியது! இன்று அந்த முறைக்கு அங்கே சட்டப்படி தடை. லாபத்தொகையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது ஒரு வழி. அப்படி முடிவு செய்யும் தொகை ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளில் மதிப்பிட்ட செலவில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதைக் கேட்டதும் நிலையான விலைதான் மக்கள் பணத்துக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஏ-12 விமானத்தின் கதை வேறு மாதிரி.

ரேடாரில் எளிதில் சிக்காத, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் தாக்குதல் விமானம் அது. 1988 ஜனவரியில் மெக்டொனல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் கூட்டணியுடன் கடற்படை ஒப்பந்தம் போட்டது. இலக்கு விலை சுமார் 438 கோடி டாலர். கூடுதல் செலவை இரு தரப்பும் பகிரலாம். ஆனால் சுமார் 480 கோடி என்ற உச்சவரம்பைத் தாண்டினால் முழுச் சுமையும் நிறுவனங்களுக்கே. தாளில் பார்த்தால் அரசுக்குக் கவலையே இல்லை. ஆனால் அப்படி ஒரு விமானத்தை ஒப்பந்தம் கேட்ட எடைக்குள் கட்ட முடியுமா என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எடை கூடியது, கெடு தவறியது, செலவு உச்சவரம்பைத் தாண்டும் என்று 1990இல் நிறுவனங்களே சொல்லிவிட்டன. 1991 ஜனவரி 7 அன்று பாதுகாப்புச் செயலர் டிக் செனி திட்டத்தை ரத்து செய்தார். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை.

அப்புறம் வழக்கு. கொடுத்த பணத்தில் 100 கோடி டாலருக்கும் மேல் அரசு திருப்பிக் கேட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. மெக்டொனல் டக்ளஸை அதற்குள் வாங்கியிருந்த போயிங் குரௌலர் எனும் மின்னணுப் போர் விமானங்கள் மூன்றைக் கொடுத்தது. ஜெனரல் டைனமிக்ஸ் கடற்படைக்குச் செய்யும் கப்பல் வேலையில் சுமார் 20 கோடி டாலரைக் கழித்துக் கொடுத்தது. கடற்படைக்கு அது கேட்ட விமானம் கிடைக்கவே இல்லை. அந்த நஷ்டத்தை எந்த உச்சவரம்பும் தடுக்கவில்லை.

தெரியாத வேலைக்குத் தெரிந்த விலை கேட்டதுதான் இங்கே நடந்த தவறு என்பது என் உறுதியான கருத்து. போட்டியில் ஜெயிக்கும் அவசரத்தில், பின்னால் உற்பத்தியில் ஈட்டிக்கொள்ளலாம் என்று நிறுவனம் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. அதற்காக, வடிவமைத்து மாதிரி கட்டும் மேம்பாட்டுக் கட்டத்துக்கு காஸ்ட் பிளஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அதற்குக் கணக்குத் தணிக்கை தெரிந்த, பொறியியல் புரிந்த ஆட்கள் அரசிடம் நிறைய வேண்டும். அவர்கள் இல்லாமல் அதைக் கையில் எடுப்பது ஆபத்து.

2015இல் பி-21 குண்டுவீச்சு விமானத்துக்கு மேம்பாட்டையும் உற்பத்தியையும் பிரித்தார்கள். மேம்பாட்டுக்கு ஆன செலவைத் தருவது, முதல் ஐந்து உற்பத்தித் தொகுதிகளுக்கு உச்சவரம்புள்ள விலை. நல்ல யோசனைதான். ஆனால் அந்த உற்பத்தி விலையையும் 2015இலேயே பேசி முடித்துவிட்டார்கள். விமானம் முதன்முதலில் பறந்ததோ 2023 நவம்பரில். அடுத்த ஜனவரியில், அந்தத் தொகுதிகளுக்காக 150 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று அதைக் கட்டும் நார்த்ராப் கிரம்மன் நிறுவனம் அறிவித்தது. மாதிரி விமானம் பறந்து, அதைக் கட்ட உண்மையில் எத்தனை மணி நேர உழைப்பு ஆனது என்று தெரிந்த பிறகு அந்த விலையைப் பேசியிருக்கலாம். நன்றி, வணக்கம்.