வீடியோ உடைகிறதா? அதே இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்

[திரையில்: டைம்லைன். மாமா மடியில் ஒரு குழந்தை. படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது.]

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு மிக்ஸிங் ரூம் வைத்திருக்கிறேன். போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அண்ணன் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். மகளுடைய காதுகுத்து வீடியோ. "தம்பி, ஆசாரி கிட்ட வரார், கரெக்டா அந்த எடத்துல படம் ஒடையுது" என்றார். மூன்று எடிட்டிங் மென்பொருள் மாற்றிப் பார்த்துவிட்டாராம். விண்டோஸையே ஒருமுறை புதிதாகப் போட்டிருக்கிறார். பாவம்.

அதையெல்லாம் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உடையும் இடத்துக்குப் பத்து நொடி முன்னால் போய் ஓட விடுங்கள். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இடம் மாறி மாறித் திக்கினால் வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் இரண்டிலும் 'ப்ராக்ஸி' என்று ஒரு வசதி உண்டு. எடிட் செய்யும்போது சின்ன நகலைக் காட்டும், கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முடித்த வீடியோவை வெளியே எடுக்கும்போது, அசலை எடுத்துக்கொள்ளும். அதை ஆன் செய்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று தடவையும் அதே நொடியில், அதே வடிவத்தில் உடைகிறதா? விஎல்சி பிளேயரில் ஓட்டினாலும் அப்படியேவா? அப்போது கோளாறு கோப்பிலேயே இருக்கிறது.

[திரையில்: தேவனாம்பட்டினம் கடற்கரை, ஸ்டாண்டில் நிற்கும் கேமரா.]

இதைப் பாருங்கள். மணலும் வானமும் அப்படியே இருக்கின்றன, அலை மட்டும் நகர்கிறது. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஹெச்டி முறையில் கேமரா ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அப்புறம் வரும் ஃபிரேம்களில், அதாவது அடுத்தடுத்த படங்களில், மாறியதை மட்டும் எழுதும். ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறைதான் மறுபடி முழுப் படம். நடுவில் ஒரு ஃபிரேம் கெட்டால், அதை நம்பியிருக்கும் அடுத்த ஃபிரேம்களும் சேர்ந்து குழம்பும். சாம்பல் நிறத் திட்டு, பச்சைக் கட்டம் எல்லாம் அப்படி வருவதுதான்.

அண்ணன் வீடியோவில் எந்த ஃபிரேமும் கெடவில்லை. மொட்டை அடிக்க ஆரம்பித்தபோது ரெக்கார்ட் அழுத்தியவர் நிறுத்தவே இல்லை. நிறைய கேமராக்கள் நீண்ட ரெக்கார்டிங்கை 2 ஜிபி அல்லது 4 ஜிபி ஆனதும் வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் எடுத்தால் 2 ஜிபி என்பது சுமார் 16 நிமிடம். 16-ஆவது நிமிடத்தில்தான் ஆசாரி குழந்தையிடம் வருகிறார்!

அந்த இரண்டு துண்டையும் தனித்தனியாக டைம்லைனில் போட்டால் ஒட்டு தெரியும். இரண்டாவது துண்டின் முதல் சில ஃபிரேம்கள், முதல் துண்டின் வாலில் இருப்பதை நம்பி இருக்கலாம். ஒலியும் ஒரு கணம் விட்டுப்போகும். கார்டில் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்து, கேமராவோடு வந்த மென்பொருள் வழியாக இறக்கினால் அதுவே சேர்த்துக் கொடுத்துவிடும். 'ஸ்ட்ரீம்' ஃபோல்டரில் இருக்கும் எம்டிஎஸ் (MTS) வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் இந்த வம்பு. நம்ம அண்ணன் செய்தது அதுதான்.

நல்லவேளையாக எம்டிஎஸ் கோப்புகளை வாலும் தலையுமாக ஒட்டலாம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் காப்பி கட்டளையை பைனரி முறையில் (copy /b) கொடுத்து, இரண்டு கோப்பின் பெயருக்கும் நடுவில் கூட்டல் குறி போட்டேன். வரிசை முக்கியம். அசலை அழித்துவிடாதீர்கள்.

[திரையில்: வேகமாக அசையும் கை. ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள்.]

இது உடைசல் இல்லை, இன்டர்லேஸ். ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு தவணையாக எடுப்பதால் வருவது. ஒரு தவணைக்கு 'ஃபீல்டு' என்று பெயர். விஎல்சி-யில் 'D' பட்டனைத் தட்டினால் மறைகிறதா பாருங்கள். மறையாமல் படம் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில், பழைய மினி டிவி (MiniDV) கேமரா கேசட் வீடியோவுக்கு 'பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்', ஏவிசிஹெச்டி-க்கு 'டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' வையுங்கள்.

கேசட் என்றதும் ஒரு விஷயம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது நனைந்த கேசட்டுகளை இன்னும் சிலர் பையோடு கொண்டுவருகிறார்கள். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. கேமராவுக்குள் போடவே கூடாது. உள்ளே நிமிடத்துக்கு 9000 சுற்று சுழலும் டிரம்மில் இருக்கும், டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நல்ல கேசட்டிலும் படுக்கைவாட்டில் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை உடையும். அப்படி வரிவரியாக உடைந்தால் முதலில் கிளீனிங் கேசட்டைப் பத்து நொடி ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஹெட் தேயும்.

[திரையில்: ஒட்டிய வீடியோ. ஆசாரி குனிகிறார்.]

காதுகுத்துக்கு வருவோம். ஒட்டியபிறகு படம் சுத்தம். ஒலியில் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அதன்மேல் நாயனச் சத்தத்தை இரண்டு நொடி இழுத்துவிட்டேன். அடுத்த நொடியே குழந்தை வீறிட்டு அழுகிறது. அண்ணன் அதை நாலு தடவை ஓட்டிக் கேட்டார்.