அவுர்லாந்து: மலையும் கடலும் விட்டுவைத்த இடம்

வணக்கம் நேயர்களே.

நார்வேயின் மேற்குப் பக்கத்தில் அவுர்லாந்து என்றொரு ஊராட்சி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 1,470 சதுர கிலோமீட்டர். மக்களோ 1,800 பேர் அளவில்தான். இவ்வளவு நிலத்தில் இவ்வளவு குறைந்த ஆட்கள் ஏன் என்று கேட்டால், நிலத்தில் பெரும்பகுதி மலை. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு துண்டுச் சமவெளி, மலைச்சரிவில் ஒரு திட்டு, இவ்வளவுதான் மனிதர் குடியிருக்க மிஞ்சியது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு இவர்கள் பிழைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு.

முதலில் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடல், எப்படி வந்தது என்று பார்ப்போம். பனியுகங்களில் பனியாறுகள் இறங்கி வந்து பாறையைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகியதும் கடல் உள்ளே புகுந்துவிட்டது. அப்படி உண்டானதுதான் சோக்னே ஃபியோர்டு. நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல், மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். அதன் ஒரு கிளைதான் அவுர்லாந்து ஃபியோர்டு. திறந்த கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்த பிறகும் கரையில் உப்புத் தண்ணீர்தான், ஓதம் ஏறி இறங்கும். இந்தக் கிளையிலிருந்தும் ஒரு கிளை பிரிகிறது, நேரோய் ஃபியோர்டு. மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் 250 மீட்டர். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

நாம் மலையையும் தண்ணீரையும் தடையாகப் பார்க்கிறோம். அங்கே தண்ணீர்தான் சாலை. கோயிலுக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் படகில்தான் போனார்கள். ஊராட்சியின் தலைமையிடத்தில் ஒரு கல் தேவாலயம் இருக்கிறது, 1200-ஐ ஒட்டிக் கட்டியது. உன்ட்ரெடால் என்ற கிராமத்தில் இருப்பது மரத்தாலான தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பியது, நாற்பது பேர் உட்காரலாம், இன்றும் வழிபாடு நடக்கிறது.

சரிவில் தொங்கிக்கொண்டிருப்பது போன்ற பண்ணைகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பாறையில் ஓர் ஏணி. வரி வசூலிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்களாம். உண்மையோ இல்லையோ, அந்த வாழ்க்கை எவ்வளவு எட்டாத உயரத்தில் இருந்தது என்பது அதில் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலம் போதாமல் இந்தப் பகுதியிலிருந்து நிறையப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அப்படிச் சிறு வயதிலேயே போனவர்களில் ஒருவர் நீல்ஸ் த்வேராங்கர். அங்கே செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கயிறு கட்டாமல் அப்படியே கால் நுழைத்துப் போடும் தோல் ஷூ ஒன்றை அவர் 1930-களில் கொண்டுவந்தார். இன்று உலகமெங்கும் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் லோஃபர் ஷூவின் வம்சத்தில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு.

அப்புறம் ரயில் வந்தது. தலைநகர் ஆஸ்லோவையும் மேற்குக் கடற்கரை நகரமான பெர்கனையும் இணைக்கும் பாதை 1909-இல் மலைமேலேயே போய்விட்டது. கீழே இருக்கும் ஃபியோர்டுக்கு அதிலிருந்து ஒரு கிளை வேண்டும். மேலே மீர்டால் நிலையம் 867 மீட்டர் உயரத்தில், கீழே ஃப்லோம் நிலையம் கடல் மட்டத்தில். இடையே தூரம் வெறும் 20 கிலோமீட்டர். பல்சக்கரம் எதுவும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்திலேயே 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ரயிலை ஏற்றி இறக்குகிறார்கள். 20 சுரங்கங்கள், அதில் 18-ஐக் கையாலேயே தோண்டினார்கள். ஒரு மீட்டர் சுரங்கத்துக்கு ஒரு மாத உழைப்பு என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. இருபதுகளில் தொடங்கிய வேலை, ஜெர்மானியர் நாட்டைப் பிடித்துவைத்திருந்த 1940-இல்தான் ஓட்டத்துக்கு வந்தது.

சாலை அதைவிடத் தாமதம். உன்ட்ரெடாலுக்கு 1988 வரை வெளியூர்ச் சாலையே கிடையாது. பக்கத்து லேர்டாலுக்குப் போகும் மலைப்பாதையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அதனால் மலையையே துளைத்து 24.5 கிலோமீட்டர் சுரங்கச் சாலை போட்டு 2000 நவம்பரில் திறந்தார்கள். உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம் அது. ஓட்டுநர் கண் அயர்ந்துவிடக் கூடாது என்று, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை பாறையைப் பெரிய குகையாக அகலப்படுத்தி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே ஆஸ்லோ நகரம் தன் மின்தேவைக்காக இந்த மலைகளின் தண்ணீரைப் பிடித்து, மலைக்குள்ளேயே மின்நிலையம் கட்டியது. 1970-களில் மின்சாரம் போகத் தொடங்கியது. சிறிய ஊராட்சிக்கு அதனால் நல்ல வருமானம். ஆனால் அருவிகள் சிலவற்றில் நீர் குறைந்துபோனதும் உண்மை.

என் மனம் போய் நிற்பது உன்ட்ரெடாலில்தான். நூறு பேர்கூட வசிக்காத கிராமம், ஆடுகள் அதைவிட அதிகம். ஆட்டுப்பாலில் வெள்ளைப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரை வீணாக்க மாட்டார்கள். அதைப் பெரிய கலத்தில் ஊற்றி, மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டே காய்ச்சுவார்கள். நம் வீட்டில் திரட்டுப்பால் கிண்டுவது போலத்தான், கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். பாலில் இருக்கும் சர்க்கரை சூட்டில் நிறம் மாறி, பழுப்பாகக் கெட்டிப்படும். ஆறியதும் கட்டியாக்கி, மெல்லிய சீவலாகச் சீவி ரொட்டியில் வைத்துத் தின்பார்கள். இனிப்பும் ஆட்டுப்பாலின் காரமும் சேர்ந்த ருசி. சாலை வந்த பிறகு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இதை விட்டுவிடாமல் இருக்கிறார்களே, அதை நான் ரயில்பாதைக்கு நிகரான சாதனையாகவே மதிக்கிறேன்.

இப்போது ஃப்லோமுக்குப் பெரும் பயணக் கப்பல்கள் வருகின்றன. சுற்றுலா சோறு போடுகிறது. ஆனால் பாறைச் சுவர்களுக்கு நடுவே புகை கலையாமல் தங்கிவிடுகிறது. உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் புகை விடாத கப்பல்தான் வரவேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் 2018-இல் தீர்மானித்தது. 10,000 டன்னுக்குக் குறைந்தவற்றுக்கு 2026 முதல் விதி. பெரிய கப்பல்களுக்கு மட்டும் 2032 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். பெரிய கப்பல்தானே அதிகம் புகைக்கிறது? அதைத்தான் முதலில் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நேரோய் ஃபியோர்டில் மின்கலப் படகுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைக்கும் நேயர்கள் அதில் ஏறிக்கொள்ளுங்கள், உன்ட்ரெடாலில் இறங்கிக் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.