எத்தனை லைன் வாங்குவது?

வணக்கம் நேயர்களே. சின்ன அலுவலகத்துக்கு எக்ஸ்டென்ஷனோடு போன் வசதி செய்யக் கிளம்புகிறவர்கள், கடையில் முதலில் சொல்வது ஆள் கணக்கைத்தான். "எங்க ஆபீஸ்ல 12 பேர் சார், அதுக்குத் தகுந்த மாதிரி போடுங்க." மேஜைகளில் எத்தனை போன் வைப்பது என்பதற்கு அந்தக் கணக்கு சரி. லைன் எத்தனை வாங்குவது என்பதற்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியாரோடு பேசுவார்கள் என்று பார்க்க வேண்டும். அக்கவுண்ட்ஸிலிருந்து குடோனுக்குப் பேசுவது, எக்ஸ்டென்ஷன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு லைன் தேவையில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 முதல் 11 வரைதான் நெரிசல். அந்த ஒரு மணி நேரத்தில் வருவதும் போவதுமாக 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். மொத்தம் 60 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லைன், சரியாகப் போயிற்றே என்று தோன்றும். ஆனால் கட்சிக்காரர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டா கூப்பிடுகிறார்கள்? மூன்று பேர் ஒன்றாக வருவார்கள், பிறகு பத்து நிமிடம் யாருமே வரமாட்டார்கள்.

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதக்காரர் 1917-இல் வெளியிட்டது. நம் ஆடிட்டருக்கு அதைப் போட்டுப் பார்த்தால், ஒரு லைன் இருந்தால் இரண்டு அழைப்பில் ஒன்றுக்கு எங்கேஜ்டு. இரண்டு லைன் என்றால் 5-இல் ஒன்று. மூன்று என்றால் 16-இல் ஒன்று. நான்கு என்றால் 65-இல் ஒன்று. ஐந்தாவது லைனும் போட்டால் 326-இல் ஒன்று என்று ஆகும். அதற்காக மாதாமாதம் வாடகை கட்டுவது வீண் என்பேன். நான்கு போதும். எங்கேஜ்டு கேட்டவர் சும்மா இருக்கமாட்டார், உடனே திரும்ப அடிப்பார், அதனால் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலை கடைசி வாரத்துக்காக மட்டும் கூடுதல் லைன் வாங்காதீர்கள். அந்த வாரம் வெளியே பேச வேண்டியதைச் செல்போனில் பேசிக்கொள்ளலாம்.

நான்கு லைனுக்கும் ஹண்டிங் வசதி கேட்டு வாங்குங்கள். போர்டில் ஒரே எண்ணை எழுதினால் போதும், அது பேச்சில் இருந்தால் அழைப்பு தானே அடுத்ததற்குத் தாவும்.

அப்புறம் பெட்டி. 3 லைன், 8 எக்ஸ்டென்ஷன் என்றிருக்கும் பெட்டி விலை குறைவு என்று எடுத்துவிட்டு, நான்காவது லைனுக்கு இடமில்லாமல் விழிப்பவர்கள் உண்டு. கார்டு சேர்த்து விரிவாக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐபி போனா, பழைய அனலாக் போனா என்றால், புதிதாக வயரிங் செய்கிறவர்களுக்கு ஐபி நல்லது. குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஓர் அழைப்புக்கு, போகவும் வரவும் தலா 90 கிலோபிட் வேகம் போதும். நான்கு பேர் பேசினாலும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. குரல் விட்டுவிட்டு வந்தால், அதே இணைப்பில் சிசிடிவி பதிவு இன்டர்நெட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். அனலாக்கே போதும் என்பவர்களும், பின்னால் ஐபிக்கு மாறினாலும் உதவும் கேட் 6 நெட்வொர்க் கேபிளை மேஜைக்கு மேஜை இழுத்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு, பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும். பைபர் இணைப்பில் அது கிடையாது. சுவரில் மாட்டிய பைபர் மோடம், ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச், இபிஏபிஎக்ஸ் பெட்டி நான்கும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்றும் சும்மாதான் எரிந்துகொண்டிருக்கும்.

செம்புக் கம்பி வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றுதான் தொல்லை. இணைப்புகள் பச்சை பூத்து, பேச்சில் கரகரப்பு வரும். வயர்கள் சேரும் குரோன் பெட்டியைக் கடலைப் பார்த்த வெளிச்சுவரில் வைக்காதீர்கள். தரையோடும் வேண்டாம், கடலூர்க்காரர்களுக்கு 2015 வெள்ளம் நினைவிருக்கும், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். லைனுக்கு லைன் இடிதாங்கி போட்டாலும், எர்த் சரியில்லை என்றால் அதனால் பயனில்லை.

எண் போடுவதில் ஒரு குழப்பம் வரும். பல அலுவலகங்களில் வெளி லைன் எடுக்க 0 அழுத்த வேண்டும். 2021 ஜனவரி முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அடிக்கவும் முன்னால் 0 வேண்டும். ஆக இரண்டு முறை 0. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், எந்த ஜோடி வயர் எந்த மேஜைக்குப் போகிறது என்று தாளில் எழுதி, குரோன் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். இபிஏபிஎக்ஸ் பெட்டியின் புரோகிராமிங் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.